பிளாஸ்க் மூடிச் சத்தம்

அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். இதில் செத்தவர் ஒருவர், அவருக்கு வாக்குக் கொடுத்தவர் ஒருவர், இருவருக்கும் நடுவே ஒரு பெண்.

இசையமைப்பாளர் குலசேகரன் தன் கதையையே பாட்டும் கூத்துமாகப் படமெடுத்தார். குடியில் சீரழிந்த ஒரு பாடகனின் கதை. மேடையில் விழுந்தது, வீட்டில் அடித்தது, எதையும் மறைக்கவில்லை. பொய் ஒன்றே ஒன்றுதான். படத்தில் நாயகன் மனைவியின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தபின் குடியைத் தொடுவதில்லை. குலசேகரனும் மனைவி மரகதத்தின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தவர்தான். ஆனால் தொட்டார்.

ஒலிப்பதிவாளர் சவரிமுத்துவுக்கு அது தெரியும். தொண்டைக்கு இதமாக இருக்கட்டும் என்று மரகதம் தினமும் பிளாஸ்கில் சுக்குக் காப்பி கொடுத்தனுப்புவாள். ஸ்டூடியோவுக்கு வந்து சேரும்போது அதில் இருப்பது வேறு.

கடைசிப் பாட்டு, மனைவியிடம் மன்னிப்புக் கேட்கும் பாட்டு. பாடகருக்கு வழிகாட்ட குலசேகரன் தானே டிராக் பாடினார். இரண்டாம் அடியில் குரல் கம்மியது. பிளாஸ்க் மூடியில் ஊற்றிக் குடித்தார். மூடியைக் கீழே வைத்த சத்தமும் பதிவானது. மூன்றாம் அடி தெளிந்து வந்தது.

"வேற ஆள் பாடினதும் இத அழிச்சிடு சவரி. மரகதம் காதுல இது விழவே கூடாது."

"சரிங்க," என்றார் சவரிமுத்து.

அந்த வாரமே குலசேகரன் போய்விட்டார். பாட வந்தவர் டிராக்கைக் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றினார். "செத்தவர் இப்படிப் பாடி வச்சதுக்கு மேல நான் வாயத் திறக்கமாட்டேன்," என்று கிளம்பிவிட்டார். அந்தக் குரலே படத்தில் நிற்பதென்று ஆயிற்று. பாம்பும் சாக வேண்டும், தடியும் உடையக் கூடாது. சவரிமுத்து மூடிச் சத்தத்தை மட்டும் வெட்டி எடுத்தார். எடுத்த பிறகுதான் அவருக்குப் பயம் வந்தது. சத்தமில்லாத அந்த இடத்தில் யாரோ ஒரு மடக்கு விழுங்குவது கேட்டது. கண்ணாடிக்கு அப்பால் மைக் தனியாக நின்றது.

படம் வெளிவருமுன் மரகதம் அந்தப் பாட்டைக் கேட்க ஸ்டூடியோவுக்கு வந்தாள். பாட்டு முடியும்வரை கண்ணைத் திறக்கவில்லை.

"ரெண்டாம் அடியில கம்முது. மூணாம் அடியில தெளியுது. நடுவுல ஒரு சத்தம் இருக்கணுமே அண்ணே?"

"ஒண்ணுமில்லம்மா."

"அது எங்க வீட்டு பிளாஸ்க். வாசல் செம்பருத்தி கருகினப்பவே, சூடு காப்பி எங்க போகுதுன்னு தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சுதான் தினமும் போட்டுக் குடுத்தேன். அந்தச் சத்தத்தத் திரும்ப வைங்க. இந்தப் பாட்டுல நான் இருக்கிறது அங்க மட்டும்தான்."

சவரிமுத்துவின் கை எழுந்தது, பாதியில் நின்றது. விழவே கூடாது என்று சொன்னவரின் குரல் இன்னும் அந்த அறையை விட்டுப் போகவில்லை.

இப்போது சொல்லுங்கள். வைத்தால் செத்தவருக்குக் கொடுத்த வாக்குப் போகும். வைக்காவிட்டால் இருப்பவள் பாட்டிலிருந்தே போய்விடுவாள். சவரிமுத்து என்ன செய்வது சரி?

விடை: வைப்பதுதான் சரி. அந்த வாக்கு காத்து நின்றது மரகதத்தை. யாருக்காக வாக்குக் கொடுத்தோமோ அவளே போதும் என்றால், வாக்கு அங்கே முடிந்தது. அவள் காதில் விழக் கூடாதது செம்பருத்தி கருகிய அன்றே விழுந்தும் விட்டது. சவரிமுத்து வைத்தார். தியேட்டரில் யாரும் அதைக் கவனிப்பதில்லை. ஆனால் பாட்டில் குலசேகரன் கேட்ட மன்னிப்பு, அவருக்குத் தினமும் அந்த பிளாஸ்கில் வந்துகொண்டுதான் இருந்தது. அவர் அதைச் செடிக்கு ஊற்றிவிட்டார்.