யானை வராத இரண்டாம் பாகம்

முன்னொரு காலத்தில், நாவல்மரம் அதிகமும் பொறுமை குறைவுமான ஒரு நாட்டை மகிழ்மாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் சொன்னது மாலையில் அவனுக்கு நினைவிருக்காது. நினைவு வந்துவிட்டாலோ, எதிரே நிற்பவன் பாடு திண்டாட்டம்.

ஆண்டுதோறும் அவன் கலைவிழா நடத்தி, சிறந்த கதைக்குப் பொற்சதங்கை கொடுப்பான். சதங்கை வாங்கியவர்களுக்கு அந்த ஆண்டு முழுக்கப் பெரிய மண்டபம் சொந்தம். மற்றவர்கள் குதிரை லாயத்துக்குப் பின்னால் சாண வாசனையில் ஆடிக்கொள்ள வேண்டியதுதான். யாருக்குச் சதங்கை என்று முடிவு சொல்பவர் அரங்கத் தலைவர் வாகீசர். அது தவறாமல் அவர் மைத்துனன் நாடகத்துக்கே போய்ச் சேர்ந்ததைத் தற்செயல் என்று யாரும் நினைக்கவில்லை.

தோல்பாவைக் கூத்துக்காரர்களுக்கும் ஒரு பரிசு உண்டு. குழந்தைகளை மகிழ்வித்ததற்காக ஒரு கூடை பொரி உருண்டை.

கொன்றை என்ற பாவைக்காரிக்கு அந்தப் பொரி உருண்டையைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். போன ஆண்டு அவள் காக்கைக் கூட்டில் பிறந்த குயில்குஞ்சின் கதையை ஆடினாள். குஞ்சு வாய் திறந்து கூவியதும் காக்கை அதைக் கொத்தித் துரத்தியதோடு கதை முடிந்தது. இந்த ஆண்டு அதற்கு இரண்டாம் பாகம் ஆடினாள். ஆட்டுத்தோலைப் பதமாக்கி, ஒவ்வொரு இறகையும் தனித்தனியாக அசையும்படி வெட்டியிருந்தாள். ஆனால் திரை கட்டியதுமே வாகீசர் உட்படப் பெரியவர்கள் வெற்றிலை போட எழுந்து போய்விடுவது அந்த அவையின் வழக்கம். ராஜா எழவில்லை. உட்கார்ந்தபடியே தூங்கினான்.

மறுநாள் அவையில் மறுபடியும் பொரி உருண்டை வந்தது. கொன்றை கையை நீட்டவில்லை. தன் கதை சதங்கைக்குத் தகுதியில்லை என்றால், ஏன் என்று தெரிந்தாக வேண்டும் என்றாள்.

வாகீசர் சிரித்தார். "அம்மா, செத்த ஆட்டின் தோலுக்கு அழத் தெரியுமா? போகட்டும், புதுக்கதையாவது உண்டா? இரண்டாம் பாகம் என்பது நேற்றைய குழம்பு. சுடவைத்தால் விருந்தாகிவிடுமா?"

"ஐயா, நம் பெரிய ஏரியைத் தோண்டியவர் ராஜாவின் தந்தை. அதற்கு மதகு வைத்து வயலுக்குத் தண்ணீர் கொண்டுவந்தவர் நம் ராஜா. அந்த மதகும் நேற்றைய குழம்புதானா?"

மதகு என்றால் ராஜாவுக்கு உயிர். மீசையைத் தடவியபடி வாகீசரைத் திரும்பிப் பார்த்தான். வாகீசர் அவசரமாக இருமினார். மதகு வேறு, மாட்டுக்கொட்டகைக் கூத்து வேறு என்று சமாளித்தார். ராஜாவுக்கு வாக்குவாதம் ருசித்துவிட்டது. கொன்றை வென்றால் சதங்கை, தோற்றால் இனித் தலைநகரில் எங்கேயும் அவள் திரை கட்டக்கூடாது என்று ஆணையிட்டான்.

கொன்றைக்குத் திரை கட்டுவதைத் தவிர வேறு பிழைப்பு இல்லை. ஆனாலும் வாய் நின்றபாடில்லை.

"எதில் குறை என்று அரங்கத் தலைவர் சொல்லட்டும். கடைசியில் யானை வந்து மரத்தை உலுக்குகிறதே, அந்த இடமா?"

"அதேதான்," என்றார் வாகீசர், பிடி கிடைத்த தெம்பில். "தும்பிக்கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். அதைப் போய் யானை என்று சொல்லலாமா?"

கொன்றை சிரிக்க வாய் திறந்தாள். அதற்குள் ராஜா தலையாட்டினான். "எனக்கும் அந்த யானை பிடிக்கவில்லை."

எலிக்கு வைத்த பொறியில் புலியும் காலை வைத்துவிட்டதே. கதையில் யானையே இல்லை என்று கொன்றை சொன்னால் ராஜா பொய்யர் என்றாகும். அப்புறம் திரை என்ன, தலையே மிஞ்சாது.

"அப்படியானால் இன்று விளக்கு வைத்ததும் மறுபடி ஆடுகிறேன்," என்றாள் மெல்ல. "யானை வரும்போது அரங்கத் தலைவர் எழுந்து குறையைச் சுட்டிக்காட்டட்டும். திருத்திக்கொள்கிறேன்."

குறை சொன்னவரே பார்க்காமல் போனால் எப்படி? வாகீசர் முதல் வரிசையில், ராஜாவின் பக்கத்தில், வெற்றிலைக்குக்கூட எழ முடியாமல் உட்கார்ந்தார். திரையில் குயில் வளர்ந்து பெரியவளாகியிருந்தாள். வயிற்றில் முட்டை. குயிலுக்குக் கூடு கட்டத் தெரியாதே. எந்த மரத்திலும் இடம் கிடைக்காமல், கடைசியில் தன்னைக் கொத்தித் துரத்திய அதே காக்கையின் கூட்டுக்கு வந்து நின்றாள். கிழட்டுக் காக்கை அவளை நிமிர்ந்து பார்த்தது. யாரென்று தெரிந்துகொண்டது. ஒன்றும் பேசாமல் நகர்ந்து, சிறகைத் தூக்கி, முட்டைக்கு இடம் விட்டது.

விளக்கு அணைந்தது. மண்டபத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். ராஜாதான்.

மேல்துண்டால் முகத்தைத் துடைத்த பிறகுதான் அவனுக்கு நினைவு வந்தது. "வாகீசரே, யானை எங்கே?"

வாகீசர் திரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், விதானத்தையும் பார்த்தார்.

"மன்னா, என் கதையில் யானையே கிடையாது," என்றாள் கொன்றை. "நான் பெயரைத்தான் சொன்னேன். அதற்குத் தும்பிக்கையும் காலும் வைத்தவர் அரங்கத் தலைவர். அவர் வைத்த வேகத்தில் தங்கள் கண்ணுக்கே தெரிந்துவிட்டது. இப்படிப்பட்ட கற்பனை எனக்கு வருமா?"

ராஜா தொப்பை குலுங்கச் சிரித்தான். "பெரிய மனசு உனக்கு. உண்மையைச் சொல்கிறேன், நேற்று நான் தூங்கிவிட்டேன். தூங்கினவன் ஒரு யானைதான் கண்டேன். வெற்றிலை போடப் போனவர் அதற்குக் குறையும் கண்டாரே."

சதங்கையை அவனே எழுந்து வந்து கொன்றையின் கையில் கொடுத்தான். பார்க்காத கதைக்கு இனி யாரும் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்றும், பாவைக்கூத்து நடக்கும் நாளெல்லாம் வாகீசர் முதல் வரிசையில் குழந்தைகளோடு உட்கார வேண்டும் என்றும் ஆணையிட்டான். மிச்சமிருந்த பொரி உருண்டைக் கூடை வாகீசர் வீட்டுக்குப் போயிற்று.

அடுத்த ஆண்டு கொன்றை மூன்றாம் பாகம் ஆடினாள். அதில் நிஜமாகவே ஒரு யானை வந்தது. மடியில் பொரி உருண்டையோடு உட்கார்ந்திருந்த வாகீசர்தான் முதலில் கைதட்டினாராம்.