ஒரு மாத்திரை குறைந்தது

டாக்டர் தணிகாசலம் இருபத்தெட்டு வருடம் அரசாங்க ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்தவர். ஐம்பத்து நாலு வயதில் வேலையை விட்டுவிட்டு, தொழுநோய் வைத்தியம் கற்றுக்கொள்ள டாக்டர் எப்சிபாவிடம் வந்து சேர்ந்தார். தணிகாசலத்தின் அண்ணன் பத்து வருடம் அந்த நோயை மறைத்து வைத்திருந்தார். டாக்டரான தம்பிக்கு அது தெரியாமலே போனது.

எப்சிபா அவரைவிட ஒன்பது வயது இளையவர். ஆனாலும் தணிகாசலம் அவரை “அம்மா” என்றுதான் அழைத்தார். அவர் இவரை “சார்” என்றார்.

எப்சிபாவுக்குப் பிறவியிலேயே கைகள் குட்டை. முழங்கை இருக்க வேண்டிய இடத்தில் மும்மூன்று விரல்கள் இருந்தன. அந்த விரல்களால் எழுதினார், ஊசி போட்டார், நோயாளிகளின் புண்ணுக்குக் கட்டுப் போட்டார். விரல் மழுங்கிய நோயாளிகள் அவரை “எங்க ஆளு” என்பார்கள். அவருக்கும் இந்த நோய் வந்து போயிருக்கும் என்பது அவர்களுடைய எண்ணம். அவர் அதைத் திருத்தியதில்லை.

முதல் நாள் அவர் காபி டம்ளரை எடுக்கக் குனிந்தபோது தணிகாசலம் பதறி எழுந்தார்.

“உக்காருங்க சார். எனக்கு இது நாப்பத்தஞ்சு வருஷப் பழக்கம்.”

இரண்டாம் வாரம் மருந்து அலமாரியில் ஓர் அட்டைப் பெட்டியைத் தணிகாசலம் பார்த்தார். கர்ப்பிணிப் பெண்ணின் படம் போட்டு, அதன் குறுக்கே சிவப்பில் கோடு கிழித்திருந்தது. தாலிடோமைடு.

“அம்மா, இது இங்க எப்படி?”

“வாங்கி வச்சிருக்கேன்.”

“உலகமே வேண்டாம்னு தூக்கிப் போட்ட மருந்தும்மா. வயித்துல இருக்கிற பிள்ளையோட கைகாலையே தின்னுடும். இதை நான் தொடமாட்டேன்.”

சொன்ன பிறகுதான் எதிரே இருப்பவரின் தோள் அவர் கண்ணில் பட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

எப்சிபா கோபிக்கவில்லை. “நாலாம் வார்டுல முனீஸ்வரின்னு ஒரு பொண்ணு இருக்கா. அவளுக்கு இனி இது ஒண்ணுதான் கேக்கும். போய்ப் பாத்துட்டு வாங்க சார்.”

முனீஸ்வரிக்கு இருபத்தாறு வயது. கிருமி எப்போதோ செத்துவிட்டது. செத்த கிருமியோடு உடம்பு இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. மேலெல்லாம் சிவந்த கட்டிகள். ஓயாத காய்ச்சல். இரண்டு வருடம் ஸ்டீராய்டு தின்று முகம் வீங்கிச் சர்க்கரையும் வந்திருந்தது. விரல்கள் மடங்கத் தொடங்கியிருந்தன. ஆறு வயது மகன் கட்டிலிலிருந்து நாலடி தள்ளி நின்றான்.

“ஏன்மா பிள்ளை தள்ளி நிக்கிறான்?”

“தொட்டா கத்துவேன் சார். அவன் பயந்துக்கிட்டான்.”

தணிகாசலம் திரும்பி வந்து அந்த அட்டைப் பெட்டியை எடுத்து எப்சிபாவின் முன் வைத்தார். பிறகு சொன்னார்: “எழுதுங்கம்மா.”

எழுதுவதற்கு முன் எப்சிபா முனீஸ்வரியிடம் ஒரு மணி நேரம் பேசினார். கர்ப்பம் இல்லை என்று பரிசோதித்தார். இனியும் உண்டாகாமல் இருக்க லூப் போடச் செய்தார். கணவனை அழைத்துத் தனியாகப் பேசினார். “இது உனக்கு மட்டுந்தான். வேற யாரு கையிலயும் போகக்கூடாது” என்று மூன்று முறை சொல்லி, அவளையும் திருப்பிச் சொல்ல வைத்தார்.

இரண்டு வாரத்தில் காய்ச்சல் நின்றது. கட்டிகள் அமுங்கின. ஒருநாள் தணிகாசலம் வார்டுக்குள் நுழைந்தபோது மகன் அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். ஏதோ வேலை இருப்பதுபோல அவர் வெளியே வந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

முனீஸ்வரி வீடு திரும்பினாள். மாதாமாதம் வந்து, மிச்ச மாத்திரையைக் காட்டிவிட்டுப் புது அட்டை வாங்கிப் போனாள். மூன்றாம் மாதம் எப்சிபா அட்டையைப் புரட்டிப் பார்த்தார்.

“ஒண்ணு குறையுதே.”

“எலி இழுத்துட்டுப் போயிருக்கும் டாக்டரம்மா.”

“வீட்டுல இப்ப யாரெல்லாம் இருக்கீங்க?”

“நாங்க மூணு பேரு. நாத்தனா வந்திருக்கா.”

“என்ன விசேஷம்?”

முனீஸ்வரி தலையைக் குனிந்தாள். “மசக்கை. நாப்பது நாளு தள்ளிப் போயிருக்கு.”

எப்சிபா அட்டையை மேஜைமேல் வைத்தார்.

“அவ மூணு நாளாத் தூங்கல டாக்டரம்மா. எனக்கு இதைப் போட்டா அசந்து தூக்கம் வருது. பாவமா இருந்துச்சு. ஒண்ணே ஒண்ணுதானேன்னு நேத்து சாயங்காலம் குடுத்தேன்.”

எப்சிபா எழுந்துவிட்டார். “சார், வேனை எடுங்க.”

முனீஸ்வரியையும் ஏற்றிக்கொண்டு பதினெட்டு மைல். தணிகாசலம்தான் ஓட்டினார். எவ்வளவோ பிரசவம் பார்த்த மனம், பார்க்காத ஒரு குழந்தையையே திரும்பத் திரும்பப் பார்த்தது.

நாத்தனார் பஞ்சவர்ணம் வாசலில் சுருண்டு படுத்திருந்தாள். பக்கத்தில் எலுமிச்சம்பழம் ஒன்று கிடந்தது.

எப்சிபா அவளருகே மண்ணில் உட்கார்ந்தார். “தாயி, மைனி குடுத்த மாத்திரையைப் போட்டியா?”

பஞ்சவர்ணம் மிரண்டுபோய் எழுந்தாள். “தண்ணியே வயித்துல நிக்கலயே. இன்னைக்குப் போடலாம்னு வச்சிருந்தேன்.” சேலை முந்தியை அவிழ்த்தாள். முடிச்சுக்குள் மாத்திரை முழுசாக இருந்தது.

எப்சிபா அதை வாங்கிக்கொண்டார். மூன்று விரல்களுக்குள் அதை இறுக்கி மூடிக்கொண்டார்.

“உங்களுக்கும் மைனிக்கு வந்த சீக்குதானாம்மா?” என்று பஞ்சவர்ணம் கேட்டாள்.

“இல்ல தாயி. நான் வயித்துல இருந்தப்ப எங்கப்பா லண்டன்ல படிச்சுக்கிட்டு இருந்தார். எங்கம்மாவுக்கு உன்னைப் போலவே மசக்கை, தூக்கமில்ல. அங்கே ஒரு டாக்டர் இந்த மாத்திரையைக் குடுத்தார். ரெண்டுதான் போட்டாங்க.”

முனீஸ்வரி சுவரைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “எனக்கு இது வேணாம் டாக்டரம்மா. நான் வலியோடயே கிடந்துக்கறேன்.”

எப்சிபா நகர்ந்து போய்த் தன் தோளை அவள் தோளோடு சாய்த்து உட்கார்ந்தார். அவள் அழுது முடிக்கும்வரை அங்கேயே இருந்தார்.

திரும்பும் வழியில் தணிகாசலம் ஒரு கருவேல மரத்தடியில் வேனை நிறுத்தினார்.

“மாத்திரையை நிறுத்திருவோம்மா. அவளுக்குப் பழையபடி ஸ்டீராய்டே குடுப்போம்.”

“அவ பையன் மறுபடி தள்ளி நிப்பான்.”

“இன்னொரு நாள் இன்னொருத்திக்குக் குடுத்தா?”

“இனிமே மாச அட்டை கிடையாது. வாரத்துக்கு ஏழு மாத்திரை. திங்கக்கிழமைதோறும் நீங்களும் நானும் கொண்டு போவோம். அந்தப் பஞ்சவர்ணத்தையும் பிரசவம்வரைக்கும் நீங்க பாருங்க.”

தணிகாசலம் தலையசைத்துவிட்டு வேனைக் கிளப்பினார். இத்தனை மாதமாகக் கேட்காததைக் கேட்டார்.

“இந்த மாத்திரை மேல உங்களுக்குக் கோபமே இல்லையாம்மா?”

எப்சிபா ஜன்னல் பக்கம் திரும்பினார்.

“மாத்திரை மேல என்ன கோபம்? எங்கம்மா வாங்கின மாத்திரை என்னாச்சுன்னு கேட்டு ஒருத்தரும் எங்க வீட்டுக்கு வரல சார்.”