ஏழு பேரைக் கொடுத்த ராஜா

வயிறு வலிக்கச் சிரிக்கப்போகிறீர்கள். ஆனால் இப்போதே இல்லை. கோயில்பிள்ளை மாமாவிடமும் இதையேதான் சொன்னேன். அவரும் நம்பி உட்கார்ந்தார்.

அசனத்துக்கு முந்தின நாள். மறுநாள் சபையார் எல்லாருக்கும் கோயிலில் சாப்பாடு என்பதால், பந்தலில் கூட்டமாக உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். மாமா சபையின் செயலர். காய் எந்த அளவில் விழவேண்டும் என்பதைக்கூட அவர்தான் தீர்மானிப்பார்.

என் அக்கா அன்புக்கனி ஒரு மூலையில் பேசாமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் கல்யாணத்துக்கு ஓலை வாசிக்கவேண்டும். அதாவது, இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் என்று ஞாயிறு ஆராதனையில் அறிவிக்கவேண்டும். அது இல்லாமல் எங்கள் கோயிலில் தாலி ஏறாது. மாமா விடவில்லை. அக்காமேல் ஒரு குறையும் இல்லை. மதில் தகராறில் சபைமேல் வழக்குப் போட்டவர் எங்கள் தாத்தா. தாத்தா போய்ச்சேர்ந்தார், வழக்கும் தள்ளுபடியானது, மாமாவின் கோபம் மட்டும் நடந்துகொண்டிருந்தது. இந்த ஞாயிறும் ஓலை வாசிக்காவிட்டால் வேறு பெண் பார்ப்போம் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

"ஏலே செல்வின், யார மாதிரியாவது பேசிக் காட்டுல. கை கடுக்குது" என்றார் மாமா.

"ஒரு ராஜா கதை சொல்லுதேன் மாமா. குரல் எல்லாம் உண்டு. சிரிப்பு மட்டும் கடைசியிலதான்."

"வரலைன்னா உன்னை அண்டாவுல போட்டு அவிச்சிருவேன்."

ஆரம்பித்தேன். ஒரு நாட்டில் மூன்று வருஷமாகப் பஞ்சம். ராஜா கடவுளிடம் காரணம் கேட்டார். இதற்கு முன் நாட்டை ஆண்ட ராஜா செய்த கொலை, என்று பதில் வந்தது. அந்த நாட்டில் ஒரு சிறு கூட்டம் இருந்தது. உங்களைக் கொல்லமாட்டோம் என்று முன்னோர் அவர்களுக்குச் சத்தியம் செய்திருந்தார்கள். பழைய ராஜா அதை மீறி அவர்களை வெட்டினான். அந்த ரத்தம்தான் காரணம். கடவுள் சொன்னது அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

மிஞ்சியிருந்தவர்களை ராஜா அழைத்து, "என்ன வேண்டும்?" என்று கேட்டார். இதை வானொலியில் செய்தி வாசிப்பவர்போலச் சொன்னேன். "பொன் வேண்டாம், வெள்ளி வேண்டாம். அவன் வம்சத்தில் ஏழு ஆண்களைக் கொடும், தூக்கில் போடுகிறோம்" என்றார்கள். இது மீன் ஏலக்காரர் குரல். சிரிப்பதற்காக வாயைத் திறந்த மாமா அப்படியே மூடிக்கொண்டார்.

"உன் சந்ததியை அழிக்கமாட்டேன்" என்று பழைய ராஜாவுக்கு இந்த ராஜா ஒரு காலத்தில் ஆணையிட்டுக் கொடுத்தவர். அவனுடைய மகன் ஒருவன் இவருக்கு உயிர்த்தோழன். அவனோடும் ஓர் ஆணை உண்டு. தோழனின் பிள்ளையை மட்டும் ஒதுக்கிவிட்டு, பழைய ராஜாவின் பிள்ளைகள் இருவரையும் பேரன்கள் ஐந்து பேரையும் ராஜா பிடித்துக் கொடுத்தார். அறுவடை தொடங்கும் வேளையில் மலைமேல் தொங்கவிட்டார்கள்.

"கொடுத்துட்டானா?" மாமாவின் கையில் கத்தி நின்றது. "அந்தப் பயலுவ யாரையும் வெட்டுனானுவளா?"

"அப்படிக் கதையில இல்ல மாமா."

செத்தவர்களில் இருவரைப் பெற்றவள் பாறையில் சாக்குத்துணியை விரித்து உட்கார்ந்தாள். பகலில் பறவைகளையும் இரவில் மிருகங்களையும் அண்டவிடாமல் விரட்டினாள். மழை வந்து அந்த உடல்கள்மேல் விழும்வரை அங்கேயே இருந்தாள். அவள் பேசியதாகக் கதையில் ஒரு வார்த்தை இல்லை. அதனால் அவளுக்கு எந்தக் குரலும் கொடுக்காமல், கையை மட்டும் வீசிக் காட்டினேன்.

அவள் செய்தது ராஜாவின் காதுக்குப் போனது. அவர் ஏழு பேரின் எலும்புகளைச் சேர்க்கச் சொன்னார். முன்பே போரில் செத்து வேறிடத்தில் கிடந்த பழைய ராஜாவின் எலும்புகளையும் தோழனின் எலும்புகளையும் கொண்டுவந்து, அவர்கள் குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்வித்தார். அதற்குப் பிறகே, தேசத்துக்காகச் செய்த வேண்டுதலைக் கடவுள் கேட்டார்.

"சிரிப்புக் கதைன்னுட்டு என்னல இது" என்றார் மாமா.

"ஒரு கேள்விதான் மாமா, பிறகு சிரிப்பு. பறிகொடுத்தவங்க நியாயம் கேட்டாங்க. ராஜா நாட்டைக் காப்பாத்தக் கொடுத்தாரு. அந்தத் தாய் காவலிருந்தா. இதுல யாரு செஞ்சது சரி?"

நீங்களும் யோசியுங்கள்.

விடையை மாமாவே சொன்னார். "அந்தப் பொம்பளைதாம்ல. ரத்தம் கிடக்குன்னுதான கடவுள் சொன்னாரு, பயலுவளத் தொங்கவிடுன்னா சொன்னாரு? வேண்டுதலைக் கேட்டது எப்பம்? தொங்கவிட்ட அன்னைக்கா? இல்ல, மரியாதையா அடக்கம் பண்ணுன பிறகு. நியாயம் கேட்டது சரி, கேட்ட விலை தப்பு. கொடுத்தவன் அதைவிடத் தப்பு. யாருல அந்த ராஜா? எந்த ஊர் ஜமீன்?" "சண்டே ஸ்கூல் சுவத்துல சுரமண்டலத்தோட வரைய வச்சீங்கள்லா மாமா, அவர்தான்" என்றேன். "தாவீது ராஜாவா?" என்றார் மாமா. "அவரா இப்படி... தாத்தன் செஞ்சதுக்குப் பேரப்பிள்ளைய..." வாக்கியம் பாதியில் நின்றது. மாமாவின் கண் மெதுவாகத் திரும்பி, அக்கா வெங்காயம் உரிக்கிற மூலைக்குப் போனது.