திரும்பும் டிக்கெட்

"மேடம், கெடைச்சிருச்சு! வழி கெடைச்சிருச்சு!"

குணசீலன் படியேறிய சத்தத்தில் கீழே மிக்ஸி ரிப்பேர் கடைக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார்.

ஆடிட்டர் எஸ்தர் தலை நிமிரவில்லை.

மதுரையில் அவளிடம் வரிக்கு வழி கேட்டுப் போனவர்கள் வாழ்க்கைக்கே வழி தெரிந்துகொண்டு திரும்பியதாகப் பேச்சு. அதற்காக ஃபீஸைக் குறைக்க மாட்டாள். தலை நரைத்த குணசீலன், தன்னைவிடச் சின்னவளான அவளுக்குத் தான் சீடன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். அவள் அப்படிச் சொன்னதே இல்லை.

"உட்காருங்க. மூச்சு விடுங்க. அப்புறம் பேசுங்க."

மூன்றையும் ஒன்றாகவே செய்தான்.

பாலம் கட்டும் இடங்களில் வெல்டிங் காண்ட்ராக்ட் எடுப்பவன். வீடு ராஜபாளையத்தில், வேலை கொள்ளிடக் கரையில். ஆறே மாசம் என்று சொல்லிவிட்டுப் போனவனுக்கு இது நாலாவது வருஷம். ஊருக்கு வரும்போதெல்லாம் மதுரையில் இறங்கித்தான் பஸ் மாறுவான்.

"தற்காலிகமா வேலை பாக்குற இடத்துக்குப் போய்வர்ற செலவை வரியில கழிச்சுக்கலாமாமே! வீடு ஒரு பக்கம், சைட் ஒரு பக்கம். எனக்குன்னே எழுதி வச்ச மாதிரி இருக்கு மேடம்!"

"ம்."

"இந்தப் பாலம் முடியப் போகுது. அடுத்தது ஒடிசாவுல கூப்பிடுறாங்க. இன்னைக்குள்ள பதில் சொல்லணும். நீங்க கழிக்கலாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இப்பவே சரின்னுருவேன்."

"வீட்ல என்ன சொல்றாங்க?"

"செல்வியா? 'இங்கயே ஒரு பட்டறை போடுங்க, நீங்க இல்லாம எனக்கு முடியல'ன்னு அதே பழைய பாட்டுதான். அதை விடுங்க மேடம்."

எஸ்தர் விட்டுவிட்டாள்.

அவன் பையைத் திறந்து முருங்கைக்காய்க் கட்டு ஒன்றை மேஜைமேல் வைத்தான். முகமெல்லாம் பெருமை.

"உங்களுக்குத்தான். சைட்ல ஷெட்டுக்குப் பின்னாடி நானே நட்ட மரம். காய்ச்சுத் தள்ளுது!"

"ராஜபாளையத்துல மரம் இருக்கா?"

"இருந்துச்சு. கம்பளிப்பூச்சின்னு வெட்டிட்டாளாம்."

"எப்போ?"

"போன வருஷம்... இல்ல, அதுக்கு முந்தி..." யோசித்தான். பிடிபடவில்லை. "ஏதோ ஒரு வருஷம் மேடம்!"

எஸ்தர் கட்டிலிருந்து இரண்டு காய்களை உருவினாள். ஒன்றை மேஜையின் இந்தக் கோடியில் வைத்தாள், மற்றதை அந்தக் கோடியில்.

"இது வீடு. அது சைட். இப்ப எங்க போய்க்கிட்டிருக்கீங்க?"

"வீட்டுக்கு!"

"திரும்ப எப்போ?"

"ஞாயித்துக்கிழமை ராத்திரி. கிளம்புறதுக்கு முந்தியே திரும்புற டிக்கெட் போட்டாச்சு. ஜன்னல் சீட்! என்னைக்குமே அப்படித்தான். இல்லைன்னா எடம் கிடைக்காது."

"சைட்டுக்குப் போறப்பவும் அப்படித்தானா? வீட்டுக்குத் திரும்புற டிக்கெட்டைப் போட்டுட்டுத்தான் போவீங்களா?"

குணசீலன் சிரித்துவிட்டான். "நல்லா கேட்டீங்க! அங்க போயிட்டா எப்ப வர முடியும்னு யாருக்குத் தெரியும்?"

"அப்ப தற்காலிகமான இடம்னா என்ன? திரும்புறது எப்போன்னு முடிவு பண்ணிட்டுப் போற இடம். சரியா?"

"அதேதான்! அதேதான் மேடம்!" மேஜையை ஓங்கித் தட்டினான்.

தட்டிய கை அங்கேயே நின்றது.

ஃபேன் கிறீச்சிட்டது.

போன தடவை செல்வி புதுப் படுக்கை விரிப்பு போட்டிருந்தாள். பீரோவிலிருந்து வெள்ளைத் துண்டு எடுத்துக் கொடுத்தாள். சாப்பிடும்போது, "காரம் போதுமா?" என்று கேட்டாள். என்ன கவனிப்பு என்று ஷெட்டில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டான்.

அந்தத் துண்டை அவள் விருந்தாளிகளுக்குத்தான் எடுப்பாள்.

எஸ்தர் பேனாவைத் திறந்தாள்.

"சொல்லுங்க. எந்தப் பக்கம் போற செலவைக் கழிக்கட்டும்?"

குணசீலன் எழுந்தான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. எடுத்து நிறுத்தக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. தடதடவென்று படியிறங்கினான். பாதியில் நின்று மறுபடி ஏறி வந்தான்.

"மேடம், தப்பா நினைச்சுக்காதீங்க, இது செல்விக்கு" என்று முருங்கைக்காய்களையெல்லாம் வாரிப் பையில் திணித்துக்கொண்டு மறுபடி ஓடினான்.

மிக்ஸி கடை வாசலில் நின்று முதல் போன். "ஒடிசாவுக்கு வேற ஆளைப் பாருங்க சார்! இல்ல சார், யோசிச்சுத்தான் சொல்றேன்!"

இரண்டாவது, மேஸ்திரிக்கு. "மிச்ச வேலையை நீயே பாத்து முடிச்சுரு!"

மூன்றாவது, வீட்டுக்கு. மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தாள்.

"செல்வி! ஏய் செல்வி! ஞாயித்துக்கிழமை டிக்கெட்டு வேண்டாம், ரத்து பண்ணப் போறேன்!"

"ஏன்?" என்றாள் செல்வி. "பஸ் ஸ்டிரைக்கா?"