முப்பத்தேழாவது டப்பா

"டீச்சர், இதுவும் சரியா வரலை."

அரசியம்மா அட்டையை மேசைமேல் வைத்தார். பொடி தூவி, சூடு காட்டி, எழுத்தை மேலெழும்ப வைக்கும் வேலை. 'அக்காவுக்கு' என்று எழுதியதில் ஒரு புள்ளி மட்டும் ஊதிக் கொப்புளமாகியிருந்தது.

நஸ்ரின் டீச்சர் அந்தப் புள்ளியைப் பார்க்கவில்லை. அட்டையைத் திறந்தாள். உள்ளே வெள்ளையாக இருந்தது.

"உள்ள ஒண்ணும் எழுதலையா?"

"முன்பக்கம் சரியா வரட்டும் டீச்சர். உள்ள எழுத எவ்வளவு நேரம் ஆயிடப் போகுது?"

நஸ்ரின் அட்டையை மூடித் திருப்பிக் கொடுத்தாள்.

"இது எத்தனாவது?"

"பதினேழு."

டீச்சருக்கு வயது இருபத்தேழு. மாணவிக்கு அறுபத்தொன்று. திருச்சி உறையூரில் ஒரு தையல்கடைக்கு மேலே இருக்கும் ஒற்றை அறையில் சனிக்கிழமைதோறும் வகுப்பு. வாழ்த்து அட்டை செய்யக் கற்றுத்தருவாள். டீச்சர் அதிகம் பேசமாட்டாள். மாணவிதான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவார்.

முழுப்பெயர் மங்கையர்க்கரசி. அரசாங்க ஆஸ்பத்திரியில் முப்பத்திரண்டு வருஷம் மருந்து கொடுத்தவர். கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்த மாத்திரை எந்தத் தட்டில் என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட கைக்கு ஒரு புள்ளி அடங்க மாட்டேன் என்றது.

அட்டை, தென்காசியில் இருக்கும் அக்கா திலகவதிக்கு. அக்காவும் தங்கையும் பேசி ஒன்பது வருஷம் ஆகிறது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவர்களுடைய அம்மா இறந்துபோனார். கடைசிவரை கூட இருந்து பார்த்துக்கொண்டவர் அக்கா. கூடம் நிறைய ஜனம் இருக்கும்போது அரசியம்மா சொன்னார்: "நீதான் மாத்திரையை மாத்திக் குடுத்திருப்பே. இல்லேன்னா அம்மா போயிருக்க மாட்டா."

அம்மாவுக்கு வயது எண்பத்தாறு. மருந்துச் சீட்டையும் மீதி மாத்திரைகளையும் அரசியம்மா அப்போதே பார்த்துவிட்டார். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. தெரிந்தேதான் சொன்னார். கூட இருந்து பார்க்காமல் போனோமே என்று தன்மேல் வந்த ஆத்திரத்தை அக்காவின் தலையில் கொட்டிவிட்டார்.

"ஒரு போன் போட்டுப் பேசிடலாமேம்மா?" என்று நஸ்ரின் ஒருநாள் கேட்டாள்.

"என் வாயை நம்ப முடியாது டீச்சர். அதனாலதான் கையால செய்யறேன்."



பதினெட்டாவது அட்டை நீர்வண்ணம். பத்தொன்பதாவது, காகிதத்தைச் சுருட்டிச் சுருட்டி ஒட்டும் குவில்லிங். இருபதாவதில் காய்ந்த வேப்பம்பூவை ஒட்டினார். ரசம் கொட்டின மாதிரி இருக்கிறதென்று அவரே ஒதுக்கிவிட்டார்.

"சாமானெல்லாம் கலைஞ்சு கிடக்கு டீச்சர். அதான் மனசு ஒரு இடத்துல நிக்கலை. முதல்ல அடுக்கிடறேன்."

மூன்று வாரம் வகுப்புக்கு வரவில்லை. நாலாவது சனிக்கிழமை டீச்சரை வீட்டுக்கே அழைத்துப் போனார்.

சுவர் முழுக்க டப்பாக்கள். முப்பத்தாறு. பசை, ரிப்பன், மணி, ஸ்டென்சில், ஐந்து நிறத்தில் கவர், இருபத்துநாலு ஜிகினாப் பேனா. ஒவ்வொன்றின்மேலும் ஒரு லேபிள்: பொருளின் பெயர், வாங்கிய தேதி, காலாவதி தேதி. கத்தரிக்கோலுக்குக்கூடக் காலாவதி தேதி போட்டிருந்தார். ஆஸ்பத்திரிக் கை சும்மா இருக்குமா?

நஸ்ரின் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்தாள். காப்பி ஆறிப்போயிற்று. அரசியம்மா பாராட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

"தபால்தலை எதுல இருக்கு?"

அரசியம்மா லேபிள்களை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தார். அப்படி ஒரு டப்பா இல்லை.

திங்கட்கிழமை தபாலாபீஸ் திறப்பதற்கு முன்பே போய் வாசலில் நின்றார். பத்துத் தபால்தலை வாங்கினார். நேரே வீட்டுக்கு வந்து, இன்னொரு டப்பாவை எடுத்து, அவற்றை உள்ளே போட்டு, 'தபால்தலை' என்று லேபிள் எழுதி ஒட்டினார். வரிசையின் கடைசியில் வைத்தார்.

அடுத்த சனிக்கிழமை மாடிப்படி ஏறும்போதே சொல்லிக்கொண்டு வந்தார்: "முப்பத்தேழாவது டப்பா ரெடி டீச்சர்!"

நஸ்ரின் நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள்.



இருபத்தொன்றாவது அட்டைக்கு ஆறு வாரம் பிடித்தது.

பிரித்தால் வீடு எழுந்து நிற்கும். தென்காசி வீடு. ஓடு ஓடாக வெட்டி ஒட்டிய கூரை. வாசற்படியில் இரண்டு சிறுமிகள். பெரியவள் சின்னவளுக்குச் சடை பின்னிக்கொண்டிருக்கிறாள்.

நஸ்ரின் அதை மூடினாள். திறந்தாள். மறுபடி மூடித் திறந்தாள்.

"நல்லா இருக்கு."

எட்டு மாதத்தில் டீச்சர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை. அரசியம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எழுதறதுக்கு இடம் எங்கம்மா?"

அரசியம்மா குனிந்து பார்த்தார். உள்பக்கம் முழுவதையும் வீடு அடைத்துக்கொண்டிருந்தது.

"எழுத வேண்டாம்," என்றாள் நஸ்ரின். "பஸ் ஏறுங்க. கையில கொண்டு போய்க் குடுங்க. இன்னிக்கே."

"இப்படி மொட்டையாவா? கூரை நசுங்கிடும் டீச்சர். இதுக்குன்னு ஒரு பெட்டி செய்யணும். புதன்கிழமைக்குள்ள பசை காஞ்சிடும். வியாழக்கிழமை கிளம்பிடறேன்."

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குப் போன் வந்தது. அக்காவின் மகள் கோமதி.

"சித்தி, அம்மா போயிட்டா."



பெட்டி காயவில்லை. அட்டையை ஒரு துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார். மதுரையில் பஸ் மாறித் தென்காசி போய்ச் சேரும்போது மணி நாலு. தூக்கிப்போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. கூடத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள்.

கோமதி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சித்தி, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்காதீய. அன்னைக்கு நீங்க சொன்னது நெசமா? அம்மா மாத்திரையை மாத்திக் குடுத்துட்டாளா?"

அரசியம்மா அவள் முகத்தையே பார்த்தார்.

"கடேசி வரைக்கும் அம்மா இதையேதான் சொல்லிக்கிட்டிருந்தா. 'அவ படிச்சவட்டி, தெரியாமலா சொல்லுவா'ன்னு."

ஒரு வார்த்தை போதும். இல்லை என்று சொன்னால் போதும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அதே கூடத்தில் அவ்வளவு சுளுவாகத் திறந்த வாய் இப்போது திறக்கவில்லை. கோமதியின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு எழுந்து பஸ் ஏறிவிட்டார். பைக்குள்ளே கூரை நசுங்கிக் கிடந்தது.



சனிக்கிழமை அரசியம்மா பேசாமல் படியேறி வந்தார். நடந்ததையெல்லாம் சொல்லி முடித்தார்.

"கோமதிக்கு எழுதணும் டீச்சர். துக்கத்துக்கு எந்த முறை சரியா இருக்கும்? வெள்ளையில வெள்ளையா எழுத்தை எழுப்பட்டுமா? இல்லை, ஓரத்துல மெல்லிசா ஒரு கறுப்புக் கோடு..."

நஸ்ரின் மேசை இழுப்பறையைத் திறந்தாள். ஓர் அஞ்சலட்டையை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். பக்கத்தில் ஒரு மைப்பேனாவை வைத்தாள்.

அரசியம்மா அட்டையைத் திருப்பிப் பார்த்தார். அதில் தபால்தலையும் சேர்த்தே அச்சாகியிருந்தது. மடிப்பு இல்லை. கவர் தேவையில்லை.

"இதுலயா? இதை எல்லாரும் படிப்பாங்களே டீச்சர். தபால்காரர் படிப்பார், தெருவுல வாங்கி வைக்கிறவங்க படிப்பாங்க..."

"அன்னிக்குக் கூடத்துல எத்தனை பேர் இருந்தாங்க?"

கீழே தையல் மிஷின் ஓடி நின்றது. மறுபடி ஓடியது.

அரசியம்மா பேனாவைத் திறந்தார். மாத்திரைக் கவர்மேல் எழுதிப் பழகிய அதே சின்னச் சின்ன எழுத்தில் எழுதினார்.

'கோமதிக்கு. உன் அம்மா ஒரு மாத்திரைகூட மாற்றிக் கொடுக்கவில்லை. அது எனக்கு அன்றைக்கே தெரியும்.'

கண்ணிலிருந்து ஒரு சொட்டு, எழுதின ஈரம் காய்வதற்குள் விழுந்தது. 'தெரியும்' கலைந்து நீலமாகப் பரவியது.

அரசியம்மா பதறிப்போய்ப் புடவைத் தலைப்பால் ஒற்றினார். இன்னும் பரவியது.

"ஐயோ, பாழாப்போச்சு. இன்னொண்ணு குடுங்க டீச்சர்."

"ஒண்ணுதான் இருக்கு," என்றாள் நஸ்ரின்.