கடைசி இலை

“கண்ணாடியை உடைச்சுட்டா சாமி! அரசாங்க ஜீப்பு!”

பாசன அதிகாரி அறவாழி செருப்பைக்கூடக் கழற்றாமல் மடத்துக்குள் வந்து கத்தினார்.

குரு அவரைவிட வயதில் சின்னவர். அதனால் என்ன, குரு குருதான்.

“யாரு உடைச்சது?”

“வாய்க்கால் முடியற கடைமடை ஊர்க்காரி ஒருத்தி. தையல்நாயகின்னு பேரு. மண்வெட்டிக் காம்பால ஒரே போடு. நாத்து கருகுதாம், தண்ணி வரலையாம்.”

“வந்துச்சா?”

“விதிப்படி விட்டாச்சு சாமி. ஒரே வாய்க்கால், எல்லா ஊருக்கும் ஒரே விதி. மேலேருந்து வரிசையா அவங்கவங்க தேவைக்கு எடுத்துக்கலாம். கூட்டம் போட்டுத்தான் முடிவு பண்ணோம்.”

“கூட்டம் எங்கே?”

“தலைமடையில. அங்கதான் விருந்தினர் மாளிகை இருக்கு. ஃபேன் இருக்கு.”

ஃபேன் இருக்காம்.

“அவ வந்தாளா?”

“வரலை. வராதது அவ தப்பு. போலீஸ்ல எழுதிக் கொடுத்தா உள்ளே போவா. கொடுக்கட்டுமா?”

“சாப்பிட்டுட்டுப் பேசலாம்.”

பந்தியில் கடைசி இலைதான் அறவாழிக்கு. காலையிலிருந்து பட்டினி வேறு.

சோறு வந்துவிட்டது. குழம்பு முதல் இலையை விட்டு நகரவே இல்லை.

“இன்னும் ரெண்டு கரண்டி ஊத்துப்பா.”

ஊற்றினார்கள். அடுத்தவனும் கேட்டான். அவனுக்கும் ஊற்றினார்கள். ஆளாளுக்குச் சோற்றில் குளம் கட்டினார்கள்.

அறவாழியிடம் வாளி வந்தபோது கரண்டி அடியைச் சுரண்டியது.

“என்னய்யா இது, அநியாயமா இருக்கு?”

“கேட்டவங்களுக்குக் கேட்ட அளவு சார். எல்லாருக்கும் ஒரே வாளிதான். கூட்டம் போட்டு முடிவு பண்ணது.”

“எப்போ? எங்கே?”

“இப்பத்தான், அடுப்படியில. நீங்க வரலையே?”

முதல் இலைக்காரன் நிம்மதியாக ஏப்பம் விட்டான்.

“சொன்னாத்தானேடா வருவேன்!”

அறவாழி எழுந்தார். விட்டார் ஓர் உதை. வாளி தூணில் மோதி நசுங்கியது.

அவருக்கு மூச்சு வாங்கியது.

குரு வந்து வாளியைத் தூக்கினார். நசுங்கிய இடத்தைத் தடவிப் பார்த்தார். உள்ளே போய்த் தாளும் பேனாவும் எடுத்து வந்து, காய்ந்த சோற்றுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“புகார் எழுதுங்க. கண்ணாடிக்கு ஒண்ணு. வாளிக்கு ஒண்ணு.”

அறவாழி பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார்.

எழுதவில்லை.