சாணி வண்டு பார்த்த நிலா வெளிச்சம்

மூங்கில் காட்டில் செவந்தி என்றொரு சருகுமான் இருந்தாள். கோடையில் அவள் சுனை வற்றிப்போனது. இரண்டு நாளாக அவள் குட்டிக்கு ஒரு வாய் தண்ணீர் இல்லை. புதருக்கு அந்தப் பக்கம் ஒரு குட்டை உண்டு. ஆனால் வழியெல்லாம் வேடர்கள் நடமாட்டம்.

இருட்டில் வழிகாட்டக் குழிவிரியன் பாம்பு வந்தான். எலி ஒன்றை விழுங்கியிருந்ததால் அன்றைக்கு அவன் ரொம்ப நல்லவன். அவன் முகத்துக் குழிகள் கும்மிருட்டிலும் உடம்புச் சூட்டைக் கண்டுபிடித்துவிடும். அதில் அவனுக்குத் தலைகால் புரியாத பெருமை.

“பாதையில சூடா ஒண்ணுமில்ல. தைரியமா வா தாயி” என்றான்.

“நில்லுங்க அக்கா!”

கத்தியது உருட்டியப்பன் என்கிற சாணி வண்டு. தன் சாணி உருண்டைமேல் ஏறி, நிலாவைப் பார்த்து ஒரு சுற்றுச் சுற்றினான். சாணி வண்டுகள் அப்படித்தான் திசை பார்க்கும்; நிலா வெளிச்சம் எந்தப் பக்கமாகப் படிகிறது என்பது அவற்றின் கண்ணுக்குத் தெரியும்.

“சருகுமேல விழுற வெளிச்சம் கலைஞ்சு கிடக்கும். அதோ, அங்க மட்டும் தலைவாரின மாதிரி ஒரே பக்கமாப் படிஞ்சிருக்கு. அது சருகு இல்ல, வழவழன்னு வேற என்னமோ” என்றான்.

பாம்பு சிரித்தான். “சருகும் சில்லுன்னு இருக்கு, அதுவும் சில்லுன்னு இருக்கு. ரெண்டும் ஒண்ணுதான். சாணி உருட்டுறவனுக்கு எதுக்குய்யா இந்த ஆராய்ச்சி?”

தாகம் தாங்காமல் குட்டி ஓடியது. வண்டு பதறிப்போய், மூன்று நாள் சாப்பாடான அந்த உருண்டையைச் சரிவில் தள்ளிவிட்டான். அது குட்டியை முந்திக்கொண்டு உருண்டது. மண் நிறம் பூசிய இரும்புப் பொறி படாரென்று வாயை மூடியது. உருண்டை தூள்தூளானது.

செவந்தி ஓடிவந்து குட்டியை நக்கி நக்கிக் கொடுத்தாள். பாம்பின் முகம் தொங்கிவிட்டது.

“தப்பு என்மேலதான். ஏறு என் தலையில. சூட்டை நான் பாக்குறேன், பளபளப்பை நீ பாரு” என்றான் வண்டிடம்.

கொஞ்ச தூரத்தில், “புதருக்குப் பின்னால ரெண்டு ஆளு. இடது பக்கம் திரும்பு தாயி” என்றான் பாம்பு. “இடது பக்கம் இன்னொரு பொறி. ஒதுங்கிப் போ” என்றான் வண்டு. ஒருவரையொருவர் அதட்டிக்கொண்டே தாயையும் குட்டியையும் குட்டையில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

குட்டி மூக்கு முங்கத் தண்ணீர் குடித்தது. செவந்திக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. வயிறு நிறைந்த குட்டி, சுடச்சுட ஒரு குவியல் புழுக்கை போட்டது. உருட்டியப்பன் அதன்மேல் ஏறிக் கூத்தாடினான்.

தனக்குத் தெரியவில்லை என்பதற்காக, ஒன்று இல்லவே இல்லை என்று சொல்லிவிடக் கூடாது.